பேசாத மாட்யூலை மாற்றுவதற்கு முன்

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் காரை எங்கள் பட்டறைக்கு ஓட்டி வந்தார். மீட்டர் போர்டில் ஏபிஎஸ் விளக்கு, ஸ்டீயரிங் விளக்கு, ஹேண்ட்பிரேக் விளக்கு எல்லாம் திருவிழா சீரியல் செட் மாதிரி ஒன்றாக எரிந்தன. ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தைவிட்டு எழவில்லை. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. ஏற்கெனவே வேறொரு இடத்தில் காட்டியிருந்தார். ஏபிஎஸ் மாட்யூல் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாள் அவர் சட்டைப் பையில் மடங்கியிருந்தது. அதிலிருந்த தொகை அவருடைய ஒரு மாத ஓய்வூதியத்தைத் தாண்டியது.

"வண்டி ஓடுது, பிரேக்கும் பிடிக்குது. அப்புறம் என்னதான் தம்பி போச்சு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, காருக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்றைய சின்னக் காரிலேயே ஆறேழு கணினிகள், அதாவது மாட்யூல்கள், இருக்கின்றன. என்ஜினுக்கு ஒன்று, ஏபிஎஸ்ஸுக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, பவர் ஸ்டீயரிங்குக்கு ஒன்று, கதவு, விளக்கு, வைப்பர், சாவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பாடி மாட்யூல் ஒன்று, மீட்டர் போர்டு ஒன்று. விலை கூடிய வண்டிகளில் இந்த எண்ணிக்கை பல டஜனைத் தொடும். ஒவ்வொன்றுக்கும் தெரிந்த செய்தி மற்றதற்கும் தேவைப்படுகிறது. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் நேரடியாக அறிவது ஏபிஎஸ் மாட்யூல். பல கார்களில் அது சொல்லும் வேகத்தை வைத்துத்தான் மீட்டர் போர்டு முள்ளை நகர்த்துகிறது, ஸ்டீயரிங் மாட்யூல் எவ்வளவு லேசாகத் திருப்ப விடலாம் என்று தீர்மானிக்கிறது, என்ஜினும் சில முடிவுகளை எடுக்கிறது. ஏபிஎஸ் வாய் மூடினால் முள்ளும் விழும், ஸ்டீயரிங்கும் கனக்கும். தலைமையாசிரியர் காரில் பார்த்த மூன்று நோயும் ஒரே நோய்தான்.

இந்தப் பேச்சு நடக்கும் வழிக்குப் பெயர் கேன் பஸ். ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனி வயர் இழுத்துக்கொண்டே போனால் வயரிங் கட்டு தடித்து, எடையும் செலவும் ஏறி, கப்ளர்கள் பெருகிப் பழுதும் பெருகும். இதற்கு மாற்றாக ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் வேலையைத் தொடங்கி, 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் கேன் முறையை அறிமுகப்படுத்தியது. 1991இல் மெர்சிடிஸ் பென்ஸின் எஸ் கிளாஸ் கார் அதோடு சாலைக்கு வந்தது. இன்று நம் தெருவில் ஓடும் கார்களில் கேன் இல்லாததைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அது வேலை செய்யும் விதம் ஊரில் தண்டோரா போடுவது போன்றது. ஏபிஎஸ் மாட்யூல் "ஸ்டீயரிங்கே, கேள்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடாது. வேகம் இவ்வளவு என்று பொதுவில் அறிவிக்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஓர் எண் உண்டு. இருவர் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால் சிறிய எண் உள்ள செய்தி முந்தும். மற்றவர் தானாக நிறுத்தி, வழி காலியானதும் பேசுவார். என்ஜின், பிரேக் போன்ற அவசரப் பேச்சுக்கான பாதையில் நொடிக்கு ஐந்து லட்சம் பிட் வேகத்தில் இது நடப்பது வழக்கம்.

இதற்கெல்லாம் இரண்டே வயர்தான். ஒன்று கேன் ஹை, மற்றது கேன் லோ. யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட் இருக்கும். பேச்சு வரும்போது ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். கேட்கும் மாட்யூல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கிறது. பக்கத்தில் இக்னிஷன் காயிலோ மோட்டாரோ இரைச்சல் கிளப்பினாலும், அது இரண்டு வயரையும் ஒன்றாகத் தாக்கும். அருகருகே கட்டிய இரண்டு படகுகளை அலை தூக்கினால் இரண்டும் சேர்ந்தே எழும், நடுவிலுள்ள ஏற்ற இறக்கம் மாறாது. அதே கணக்கு. வயர்கள் இரண்டையும் முறுக்கிவிட்டிருப்பது இதற்காகத்தான். அழகுக்காக முறுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பிரித்துவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாதையின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று உண்டு. பெரும்பாலும் கோடியிலுள்ள மாட்யூல்களுக்குள்ளேயே இருக்கும். கிணற்றுக்குள் கத்தினால் குரல் திரும்பி வருவதுபோல, வயரின் முனையில் மோதும் சிக்னலும் திரும்பி வந்து அடுத்த சிக்னலோடு கலக்கும். அதை முனையிலேயே அடக்குவது இந்த ரெசிஸ்டர்களின் வேலை.

இனி, மாட்யூல்கள் பதிந்துவைத்த பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனர். பழுதுக் குறியீடு யு என்ற எழுத்தில் தொடங்கினால் அது பேச்சுத் தொடர்பான பழுது. யு0100 என்றால் என்ஜின் மாட்யூலின் குரல் கேட்கவில்லை. யு0101 கியர் மாட்யூல், யு0121 ஏபிஎஸ், யு0140 பாடி மாட்யூல், யு0151 ஏர்பேக், யு0155 மீட்டர் போர்டு. தலைமையாசிரியரின் காரில் என்ஜின், ஸ்டீயரிங், மீட்டர் போர்டு மூன்றும் யு0121 போட்டிருந்தன. மூன்று பேர் ஒரே குற்றத்தைச் சொன்னதால் முந்தைய இடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

ஆனால் அவர்கள் சொன்னது குற்றம் அல்ல. ஏபிஎஸ் வரவில்லை என்று மட்டும்தான் சொன்னார்கள். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவரே குறுக்கிட்டார்: "வருகைப் பதிவேட்டுல ஆப்சென்ட் போடற மாதிரி. பையன் வரலைன்னு எழுதுவோம். காய்ச்சலா, பஸ் வரலையா, வழியில வாய்க்கால்ல தண்ணி போகுதான்னு பதிவேட்டுல இருக்காது."

இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. வராத மாணவனைப் பள்ளியைவிட்டு நீக்குவதற்கு முன்னால் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் வேலை, குறியீடுகளை அப்படியே எழுதி வைத்துக்கொள்வது. அழிக்கும் பட்டனை அவசரப்பட்டு அமுக்கினால் கையிலிருந்த துப்பும் போய்விடும். அடுத்தது பேட்டரி. நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். அந்தச் சரிவில் சில மாட்யூல்கள் ஒரு கணம் மயங்கி எழும், அந்த ஒரு கணத்துக்கு மற்றவை ஆப்சென்ட் போட்டுவிடும். பலவீனமான பேட்டரி மட்டுமே உள்ள காரில் ஏழெட்டு யு குறியீடுகள் வருவது சாதாரணம்.

பேட்டரி சரி என்றால் ஸ்கேனரில் மாட்யூல்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூப்பிட வேண்டும். யார் பதில் சொல்கிறார், யார் சொல்லவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பட்டறையில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துவது இந்தத் தாள்தான். ஒருவர் மட்டும் பதில் சொல்லவில்லையா? அந்த மாட்யூல், அதன் கரண்ட், அதன் எர்த், அதற்குப் போகும் கிளை வயர், இவற்றோடு தேடல் முடிந்துவிடும். பக்கத்துப் பக்கத்து இரண்டு மூன்று பேர் சேர்ந்து இல்லையா? அவர்களுக்குப் பொதுவான ஃபியூஸ், பொதுவான எர்த், பொதுவான ஜாயின்ட்டைப் பாருங்கள். யாருமே இல்லையா? நடுப்பாதையே அடைபட்டிருக்கிறது, அல்லது ஸ்கேனர் மாட்டும் கப்ளருக்கே கரண்ட் வரவில்லை. ஆப்சென்ட் போடப்பட்டவர் ஸ்கேனருக்கு நன்றாகவே பதில் சொல்கிறாரா? அப்படியானால் விட்டு விட்டு வரும் பழுது, அல்லது பழைய பதிவு. அப்போதுதான் அழித்துவிட்டு, ஓட்டி, எது திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

தலைமையாசிரியர் காரில் ஏபிஎஸ் ஒன்று மட்டும் மௌனம். ஃபியூஸ்கள் நன்றாக இருந்தன. ஏபிஎஸ் கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, கரண்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். 12.4 வோல்ட். கரண்ட் இருக்கிறது, எர்த் இருக்கிறது, ஆகவே மாட்யூல்தான் போயிருக்கிறது என்று இந்த இடத்தில்தான் பலரும் முடிவுக்கு வருகிறார்கள். எத்தனையோ நல்ல மாட்யூல்கள் குப்பைக்குப் போவதும் இந்த இடத்தில்தான்.

மல்டிமீட்டர் வோல்ட்டேஜ் பார்க்கும்போது தனக்கென்று கரண்ட் எடுப்பதே இல்லை என்று சொல்லும் அளவுக்குச் சொற்பமாக எடுக்கிறது. அதன் உள் எதிர்ப்பு பொதுவாக ஒரு கோடி ஓம். வயருக்குள் முப்பது இழையில் இருபத்தொன்பது அறுந்து ஒரே இழை தொங்கிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 என்றே காட்டும். மாட்யூல் வேலை செய்ய ஆம்பியர் கணக்கில் இழுக்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் வண்டவாளம் தெரியும். ஆகவே சுமை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி வேண்டாம், இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு போதும். அது கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். அதே பல்பை முதலில் பேட்டரியில் நேரடியாக எரியவிட்டு வெளிச்சத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு கப்ளரின் கரண்ட், எர்த் பின்களுக்கு நடுவே கொடுத்துப் பாருங்கள்.

அன்றைக்குக் கப்ளரில் பல்பு சிவந்து மங்கியது. எர்த் பக்கத்து முனையை மட்டும் எடுத்துப் பேட்டரி நெகட்டிவில் வைத்தேன். பளீரென்று எரிந்தது. கரண்ட் வழி சுத்தம், பழுது எர்த்தில். பல்பைப் பழையபடி கப்ளரில் எரியவிட்டு, எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்தபோது 4.8 வோல்ட் காட்டியது. நல்ல எர்த்தில் இது 0.2ஐத் தாண்டக் கூடாது. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பேட்டரித் தட்டுக்கு அடியில் பாடியோடு ஒரு போல்ட். மேலே இருந்து பார்த்தால் முறுக்கமாக, சரியாகத்தான் இருந்தது. கழற்றினால் வயர் முனையிலுள்ள லக்குக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு, திருநீறு போல உதிர்ந்தது. பேட்டரி ஆசிட்டும் மழைத் தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை. பாடியைத் தகடு தெரியத் தேய்த்து, லக்கை மாற்றி, போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். சாவியைப் போட்டதும் ஏபிஎஸ் ஸ்கேனருக்குப் பதில் சொன்னது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல்பு முனையைக் கப்ளரின் பின்னுக்குள் திணிக்காதீர்கள். பின் விரிந்துபோனால் இல்லாத லூஸ் காண்டாக்ட் ஒன்றை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். அளவான பின்னை வயரில் பொருத்தி அதைச் சொருகுங்கள். கேன் வயர்களில் பல்பை வைக்கவே கூடாது. மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குடையது. அங்கே பல்பும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றி, அந்த வண்டிக்குச் சொன்ன நேரம் காத்திருந்து, முறை தெரிந்தவர் மட்டும் கை வைக்க வேண்டும். மின்சாரக் கார்களிலும் ஹைப்ரிட்களிலும் ஆரஞ்சு நிற கேபிளுக்கும் அதே விதி.

நடுப்பாதையே அடைபட்ட வண்டி வேறு ரகம். வாடகைக்கு ஓடும் கார் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்கேனர் எந்த மாட்யூலோடும் பேசவில்லை. இந்த மாதிரி வண்டிக்கு டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள 16 பின் கப்ளர்தான் வாசல். அதில் 16ஆம் பின் பேட்டரி கரண்ட், 4ம் 5ம் எர்த், 6 கேன் ஹை, 14 கேன் லோ. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, 6க்கும் 14க்கும் நடுவே ஓம் பார்க்க வேண்டும். இரண்டு 120 ஓம் இணையாக இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. 40 வந்தால் மூன்றாவதாக ஒரு 120 எங்கிருந்தோ சேர்ந்திருக்கிறது, யாரோ தப்பான மாட்யூலைப் போட்டிருக்கலாம். பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் ஹையும் லோவும் ஒட்டிக்கொண்டன. மீட்டர் எதையுமே காட்டவில்லை என்றால் அந்தக் கப்ளருக்கு வரும் வயரே அறுந்திருக்கக்கூடும். பல பாதைகளை இணைக்கும் கேட்வே மாட்யூல் உள்ள வண்டிகளில் இந்த இரண்டு பின்னும் கேட்வே வரை மட்டுமே போகும், உள்ளே உள்ள பாதைகளை அவற்றின் இடத்திலேயே அளக்க வேண்டும். வயரிங் படம் இல்லாமல் அங்கே இறங்காதீர்கள்.

வாடகைக் காரில் 60 வந்தது. அறுபது வந்ததும் வயர் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுபவர்கள் பலர். அறுபது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பாதை தொடர்ந்து இருக்கிறது. நடுவில் கிளையாகப் பிரியும் ஒரு மாட்யூலின் வயர் அறுந்திருந்தாலும் அறுபதுதான். கேன் ஹை பாடியில் உரசி எர்த் ஆகியிருந்தாலும் அறுபதுதான். அதனால் பேட்டரியை மாட்டி, சாவி போட்டு, ஒவ்வொரு வயரையும் எர்த்தோடு அளக்க வேண்டும். பேச்சு நடந்துகொண்டிருக்கும் பாதையில் ஹை 2.6, 2.7 என்றும் லோ 2.3, 2.4 என்றும் சராசரி காட்டும். கூட்டினால் 5க்குப் பக்கம் வரும். இந்த வண்டியில் ஹை 0, லோவும் கிட்டத்தட்ட 0. ஹை எர்த்தில் கிடக்கிறது, லோவை அந்த 60 ஓம் வழியாகத் தன்னோடு இழுத்துக்கொண்டது.

எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொன்றாகக் கழற்றுவது. மீட்டரை 6ஆம் பின்னில் வைத்துக்கொண்டு, ஒரு கப்ளரை எடு, பார், திரும்ப மாட்டு, அடுத்ததுக்குப் போ. கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் முன் சாவியை அணைக்க வேண்டும். நான் தொடங்கும் வரிசை எப்போதும் ஒன்றுதான்: கம்பெனியிலிருந்து வராமல் பின்னால் போட்டவை முதலில். புது ஸ்டீரியோ, ஜிபிஎஸ் டிராக்கர், ரிமோட் லாக். டிரைவரிடம் கேட்டேன். "போன மாசம்தான் பெரிய ஸ்க்ரீன் செட் போட்டேன் அண்ணே" என்றார். ஸ்டீயரிங் பட்டனில் பாட்டு மாற்றுவதற்காக யாரோ கேன் வயரைச் சுரண்டி, இன்னொரு வயரைச் சுற்றி, டேப் ஒட்டியிருந்தார்கள். வெயிலில் பசை இளகி டேப் நழுவி, செப்பு நேராக இரும்புப் பிராக்கெட்டில் சாய்ந்திருந்தது. பிரித்த கணத்தில் மீட்டர் 2.6க்கு வந்தது.

இந்த மாதிரி வண்டியில் பல மாட்யூல்கள் பஸ் ஆஃப் என்ற குறியீட்டையும் போட்டிருக்கும். அதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு மாட்யூலும் தன் பிழையைத் தானே எண்ணிக்கொண்டிருக்கிறது. அனுப்பும் செய்தி கெட்டால் 8 கூடும், சரியாகப் போனால் 1 குறையும். கணக்கு 255ஐத் தாண்டினால், என்னால் மற்றவர்களுக்குக் கெடுதல் வேண்டாம் என்று அது தானே ஒதுங்கிக்கொள்ளும். ஒதுங்கியதாலேயே அது கெட்டுப்போனதாகாது. வயரைச் சரிசெய்தால் திரும்ப வந்துவிடும்.

கஷ்டமானவை விட்டு விட்டு வருபவைதான். வீட்டு வாசலில் வரும், பட்டறையில் வராது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் தினமும் மடங்கி மடங்கி இழை அறுந்த வயர், கால்மிதிக்கு அடியில் தண்ணீர் நின்ற ஜாயின்ட், என்ஜின் சூட்டில் தங்க வந்து எலி கடித்த இடம். வெளித்தோலில் பல் பட்ட சின்ன அடையாளம் தவிர வேறு எதுவும் தெரியாது. ஒருவர் ஸ்கேனரில் நேரடிப் பதிவைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வயரிங்கை ஓர் ஓரத்திலிருந்து அசைத்துக்கொண்டே போக வேண்டும். கிடைத்த பிறகு, ஒட்டுப் போடும் நீளம் கூடாமல், ஹையும் லோவும் ஒரே இடத்தில் ஜாயின்ட் ஆகாமல் சற்றுத் தள்ளி, சாலிடர் வைத்து, உறை போட்டு, முறுக்கை முன்பிருந்தபடியே திரும்பக் கொண்டுவர வேண்டும். வயர் தோலை ஊசியால் குத்திச் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த ஊசித் துளை வழியே இறங்கும் ஈரம் அடுத்த வருடம் உள்ளே களிம்பாக நிற்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மௌனமாகவே இருந்தால் மாட்யூலை மாற்றலாம். உண்மையிலேயே கெட்டுப்போகும் மாட்யூல்களும் உண்டு. புதிது போட்டால் அந்த வண்டிக்கேற்ப அதைப் பதிவு செய்ய வேண்டும், சாவி சம்பந்தப்பட்டது என்றால் இன்னும் கவனம் வேண்டும். பக்கத்து வண்டியிலிருந்து கழற்றி மாட்டிப் பார்ப்போம் என்று இறங்கினால் இரண்டு வண்டியும் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கக்கூடும். எலெக்ட்ரிக்கல் பொருளைக் கடைக்காரர்கள் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்வதும் இல்லை. ஆகவே யாராவது உங்களிடம் மாட்யூல் மாற்ற வேண்டும் என்றால் தயங்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தெந்த மாட்யூல் ஸ்கேனருக்குப் பதில் சொன்னது? கரண்ட்டையும் எர்த்தையும் சுமை வைத்துப் பார்த்தீர்களா?

தலைமையாசிரியரின் காரை அன்றே கொடுத்துவிட்டேன். ஆனால் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. மழையில் வந்த பழுதை மழை விட்ட நேரத்தில் ஓட்டிப் பார்த்துச் சான்று கொடுக்க எனக்கு மனம் வராது. "நல்ல மழை ஒண்ணு பெய்யட்டும் சார், நனைஞ்ச வண்டியை அப்படியே எடுத்துட்டு வாங்க" என்றேன். பன்னிரண்டு நாள் கழித்து, இரவெல்லாம் கொட்டிய மறுநாள் காலையில் வந்தார். வைப்பர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேனரை மாட்டி, ஒவ்வொரு மாட்யூலையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் பக்கத்து சீட்டில் குடையோடு உட்கார்ந்து, பழைய தாளின் பின்புறத்தில் ஒவ்வொன்றாக டிக் போட்டார். ஆறு பேரும் வந்திருந்தார்கள்.